பதிவேட்டில் நம் பெயர்

தமிழருள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தலையெழுத்து உண்டு, தன் பெயர் உண்டு, அவ்வளவே. பிற மாநில நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கிறது. வியப்பு என்றால் விளக்கம் சொல்லிவிடலாம். பல்கலைக்கழகத்தின் கணினிப் பதிவேட்டுக்கோ விளக்கம் கேட்கும் காது இல்லை. 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தை நிரப்பு என்கிறது. நாமும் தந்தையின் பெயரை எழுதி நிரப்புகிறோம். அன்று முதல் மின்னஞ்சலிலும் வருகைப் பட்டியலிலும் நம் தந்தையரே பயில்கின்றனர், நாம் இல்லை! ஆய்வுக்கூடத்தில் என் தந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தால், இரண்டாண்டுகளாக நானே திரும்பிப் பார்த்து வருகிறேன்.

இது எவரும் செய்த சூழ்ச்சி அன்று. இத்தகைய பதிவேடுகள் பல, எல்டாப் என்னும் முறையில் அமைந்தவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்று, 1993-ல் அதன் விதிகள் வெளியாயின. அதற்கு முன் 1988-ல் வந்த எக்ஸ்.500 என்னும் தரமே அதன் மூலம். அம்முறையில் ஒருவரை 'மனிதர்' என்று பதிய இரண்டு தகவல்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, சி.என். என்னும் வழங்கு பெயர், மற்றொன்று, எஸ்.என். என்னும் குடும்பப் பெயர். பின்னதை நீக்க முயன்றால், 65 என்னும் பிழை எண்ணைக் காட்டி சர்வர் மறுத்துவிடும். ஆக, குடும்பப் பெயர் இல்லாதவன் அவ்விதிப்படி மனிதனே அல்லன்!

ஆனால், அதே விதி நமக்கு இடமும் தந்திருக்கிறது. எஸ்.என். கட்டத்தில் தந்தையின் பெயரே நிற்க வேண்டும் என்று அது கூறவில்லை. புதிதாகச் சேர்வோர் தம் பெயரையே அங்கும் எழுதலாம். சி.என். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஏற்கும். தமிழ் எழுத்தையும் ஏற்கும். 2000-ல் வகுக்கப்பட்ட விரிவில் 'டிஸ்ப்ளேநேம்' என்று தனிக் கட்டமே உண்டு. பிறர் கண்ணுக்குக் காட்ட வேண்டிய பெயர் எதுவோ, அதற்கென்றே அமைந்தது அது.

"அத்தனை பேருக்கும் ஒவ்வொன்றாகத் திருத்த ஆள் ஏது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதே இல்லை. எல்டாப்மாடிஃபை என்னும் கட்டளை இதற்கென்றே இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பு ஒன்று போதும். முதல் வரியில் யாருடைய பதிவு என்பது. அடுத்து, செய்வது திருத்தம் என்பது. அடுத்து, எந்தக் கட்டம் என்பது. பிறகு, புதிய பெயர். இடையே ஒரு வெற்று வரி விட்டால் அடுத்த மாணவர். நூறு பேரின் திருத்தமும் ஒரே கோப்பில் அடங்கும். தமிழ்ப் பெயரை மட்டும் பேஸ்64 வடிவுக்கு மாற்றி, அதன் முன் இரண்டு முக்காற்புள்ளி இட வேண்டும்.

கை விரைந்தால் கேடும் விரையும் என்பதை மறுக்கவில்லை. 'மாற்று' என்னும் ஆணை, அக்கட்டத்தில் முன்பிருந்த பெயர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆதலின் சி.என். கட்டத்தில் தமிழ்ப் பெயரைப் புகுத்த 'சேர்' என்னும் ஆணையே தக்கது. பழைய பதிவுகளை எல்டாப்சர்ச் கொண்டு எடுத்து முதலில் சேமித்துக்கொள்ள வேண்டும். 'என்' என்னும் குறியோடு கட்டளையை இட்டால், எதையும் மாற்றாமல் என்ன செய்யும் என்பதை மட்டும் காட்டும். சர்வர் ஏற்குமா என்பதை அது சொல்லாது. ஆகவே ஒரே ஒரு பதிவில் முயன்று பார்த்த பின்பே மற்றவற்றைத் தொட வேண்டும். திரையில் சொடுக்கித் திருத்துவதைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு: கோப்பை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கலாம், என்ன மாறியது என்பதற்குச் சான்றாகவும் அது நிற்கும்.

"பட்டச் சான்றிதழில் குழப்பம் வருமே" என்பர் சிலர். சான்றிதழ்ப் பெயரைத் தொட யாரும் கேட்கவில்லை; காட்டும் பெயரைத்தான் கேட்கிறோம்.

நண்பர்களே, நம் சங்கம் செய்ய வேண்டியது ஒன்று. ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாம் விரும்பும் வண்ணம் எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். அப்பட்டியலை உரிய அலுவலகத்தில் சேர்ப்போம். கட்டளையை இடும் உரிமை அவர்களுடையது. கேரள நண்பர்களையும் மிசோ நண்பர்களையும் உடன் அழைப்போம். அவர்களுள்ளும் பலருக்கு இதே இடர் உண்டு. தந்தையின் பெயரை நாம் போற்றுகிறோம். அதனாலேயே அதை நமக்குரிய கட்டத்தில் வைத்து வழங்க வேண்டாம் என்கிறோம்.