இருக்கையும் அமர்தலும்

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் மதுரையில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் அமர்ந்திருந்தேன். அமர்ந்திருந்தேன் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நானும் மனைவியும் உள்ளே நுழைந்ததுமே நாற்காலி போட்டார்கள். குடிக்கத் தண்ணீர் வந்தது. மேசைக்கு அப்பால் நின்று சேலைகளைப் பிரித்துப் போட்ட பெண் நிமிர்ந்தபோதுதான் அவள் எங்கள் துறையில் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் மாணவி என்பது தெரிந்தது. விடுமுறை நாள்களிலும் பண்டிகைக் காலத்திலும் அங்கே வேலை பார்க்கிறாளாம்.

அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடிக்க வேண்டிய சேலைகள் குவிந்திருந்தன. கூட்டம் சற்றுக் குறைந்த நேரத்தில், "கொஞ்சம் உட்காரலாமே அம்மா" என்றேன்.

"ஸ்டூல் இருக்கு ஐயா. ஆனா உட்கார்ந்தா சூப்பர்வைசர் பார்ப்பாரு" என்றாள்.

"திட்டுவாரா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு ஐயா. பார்ப்பாரு, அவ்வளவுதான்."

இந்தப் 'பார்ப்பாரு' என்ற சொல்லைத்தான் சில மாதங்களாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறேன். ஏனெனில் அந்த ஸ்டூல் அங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன்.

2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு சிறிய திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற ஒரு பிரிவைச் சேர்ப்பதே அதன் நோக்கம். நாள் முழுதும் நிற்பதால் பணியாளர்களின் உடல்நலம் கெடுகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். மசோதா நிறைவேறியது. 2018-இல் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்த கேரளத்துக்கு அடுத்ததாகத் தமிழகம் இதைச் செய்தது.

இதில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்யும் தொழிலாளிக்கு இருக்கை தரவேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. இயந்திரத்தின் முன் நிற்பவரின் கால் வலிக்கும் என்பது 1948-இல் சட்டத்துக்குப் புரிந்தது. துணிக்குவியலின் முன் நிற்கும் பெண்ணுக்கும் அதே கால்தான் என்பது தமிழகத்துக்குப் புரிய 73 ஆண்டுகள் ஆயின. இடையில், 2010-இல், வசந்தபாலன் இயக்கத்தில் ஜெயமோகன் வசனத்தில் 'அங்காடித் தெரு' வந்தது. ரங்கநாதன் தெருவின் வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கும் வாழ்வைப் பார்த்துக் கலங்கினோம். அதற்குப் பிறகும் அதே தெருவில் தான் துணி எடுத்தோம்.

இலக்கியம் கற்பிப்பவன் என்பதால் எதையும் பிரதியாக வாசிக்கும் பழக்கம் என்னை விடவில்லை. 22-அ பிரிவின் ஆங்கில வாசகம் சொல்வதன் சாரம் இது: ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், பணியின் ஊடே அமர்வதற்கு ஏதேனும் வாய்ப்பு ஏற்பட்டால் அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும், வேலைநேரம் முழுதும் கால்கடுக்க நிற்பதைத் தவிர்க்கவும் அது உதவ வேண்டும்.

'வாய்ப்பு ஏற்பட்டால்' என்ற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். வாய்ப்பு எப்படி ஏற்படும்? மழை பெய்வதுபோலத் தானாகவா? இந்த வாக்கியத்தில் இருக்கை போடவேண்டியவர் யார் என்பது தெரிகிறது. வாய்ப்பைத் தரவேண்டியவர் யார் என்பது தெரியவில்லை. வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடங்கள் அமர்வதற்கான வாய்ப்பா, சேலை மடிப்பதற்கான வாய்ப்பா என்பதை முடிவு செய்பவர் மேற்பார்வையாளர். அவரோ ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வையைக் குற்றம் என்று சொல்ல இந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி ஸ்டூல்களை எண்ணலாம். அமர்ந்தவர்களை எப்படி எண்ணுவார்?

அப்படியானால் சட்டமே வீண் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. சட்டம் இல்லாதபோது அமர்வது சோம்பல். சட்டம் வந்தபின் அது உரிமை. அந்த வேறுபாடு சிறியதன்று. ஆனால் உரிமை தாளிலிருந்து இறங்கித் தரைக்கு வர வேறொன்றும் வேண்டியிருக்கிறது. அது என்ன என்பதைக் கேரளத்தின் கதை சொல்கிறது.

அங்கே இந்தச் சட்டம் தலைமைச் செயலகத்தில் பிறக்கவில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் பிறந்தது. தையல் தொழிலாளியான பி. விஜி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் அவர்கள் கேட்டது இருக்கையைக்கூட அல்ல, கழிப்பறையை. இருக்கைக்கான போராட்டம் அதற்குப் பின் வந்தது. 'இரிக்கல் சமரம்' என்று அது அழைக்கப்பட்டது. 2018-இல் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது. 'அமர்' என்ற சொல்லுக்கு இருத்தல் என்றும் போர் என்றும் நம் நிகண்டுகள் பொருள் சொல்லும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் எப்படி வந்து சேர்ந்தன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இனிமேல் கோழிக்கோட்டைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

தமிழகத்தில் நடந்த மற்றொன்றையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். இருக்கைச் சட்டம் தந்த அதே அரசு, 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்புக்குள், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது வழிசெய்தது. இடதுசாரிகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

மூன்றே நாள்களில் ஒரு சட்டத்தை நிறுத்தும் வலிமை ஆலைத் தொழிலாளிக்கு இருந்தது. கிடைத்த சட்டத்தின்மேல் மூன்று நிமிடம் உட்காரும் வலிமை என் மாணவிக்கு இல்லை. முன்னவருக்குச் சங்கம் இருக்கிறது. அவளுக்கு இருப்பது ஒரு ஸ்டூல் மட்டுமே. அரசு கருணையால் கொடுத்ததற்கும் தொழிலாளர் கேட்டுப் பெற்றதற்கும் உள்ள தூரம் இதுதான். நம் கடைப் பெண்களுக்குச் சட்டம் அவர்களுடைய குரலுக்கு முன்பாகவே வந்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் குரல் வரும்வரை அந்த ஸ்டூலின்மேல் சேலைகள்தாம் இருக்கும்.

என்ன செய்யலாம்? மணிக்கு இத்தனை நிமிடம் அமரலாம் என்று விதி திட்டவட்டமாகச் சொல்லலாம். அமர்ந்ததற்காக ஒருவரைக் கண்டிப்பதும், ஊக்கத்தொகையைக் குறைப்பதும், வேலையை விட்டு நிறுத்துவதும் குற்றமாக்கப்படலாம். அதிகாரி இருக்கைகளைப் பார்ப்பதோடு நில்லாமல் முதலாளி இல்லாத இடத்தில் ஊழியரிடம் பேசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சங்கம் வைத்தால் வேலை போகாது என்ற உறுதி வேண்டும். இவை எதுவும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

மிச்சமிருப்பது நம் பங்கு. நம் மரபில் பெரியவர் முன் நிற்பது மரியாதை. உட்காரச் சொன்னபின் உட்காருவது பண்பு. நான் வகுப்புக்குள் நுழையும்போது அறுபது பேர் எழுகிறார்கள். அதை ஒருநாளும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இந்தப் பழக்கத்தைத்தான் கடை முதலாளி விலைக்கு வாங்கி, எழுந்து நிற்கும் பணிவைச் சரக்கோடு சேர்த்து நமக்கு விற்கிறார். உட்கார்ந்தபடி சேலை காட்டும் பெண்ணைப் பார்த்து, "கவனிக்க ஆளில்லை" என்று நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்திருப்போம்? மேற்பார்வையாளரின் பார்வை பாதிக்குமேல் நமக்காகப் பார்க்கப்படும் பார்வை.

அன்று ஒரு மணி நேரத்துக்குமேல் அந்தக் கடையில் இருந்தோம். முப்பது சேலைகளாவது பிரித்திருப்பாள். "உட்காரலாமே" என்று அறிவுரை சொன்ன நான் அந்நேரம் முழுதும் நாற்காலியில் இருந்தேன் என்பது, பில் போட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும், வழக்கம்போல எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள். உட்காருங்கள் என்று சொல்ல, அன்று எனக்குக் கூச்சமாக இருந்தது.