மிளகாய்க்கு பாஸ்போர்ட் இருக்கிறதா?

சல்சா என்ற பேரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு சாஸ், குழம்பு, தொட்டுக்கொள்ளும் சமாசாரம் என்று அர்த்தம். நம்ம ஊர் பாஷையில் சட்னி. மெக்ஸிகோவில் தெருவோர டாக்கோ கடையில் உட்கார்ந்தால், நம்ம டிபன் கடையில் சாம்பார் வாளி வருகிற மாதிரி, இரண்டு மூன்று கிண்ணத்தில் சல்சா தானாக வந்து உட்காரும். அதற்கென்று தனி பில் கிடையாது. கேட்டால் சிரிப்பார்கள்.

இந்த ஏழைச் சட்னிக்குத்தான் தமிழ்நாட்டில் இப்போது இரண்டு கோஷ்டிகள். இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதல் கோஷ்டி, கலாசாரக் காவலர்கள். ''நம்ம பாட்டி சாப்பாடு இருக்கும்போது இந்த மெக்ஸிகோ கண்றாவி எதுக்குங்க?'' என்று கேட்பவர்கள். இரண்டாவது கோஷ்டி, மால்களில் வண்டி தள்ளுகிறவர்கள். அவகாடோ சல்சா என்றால் கண்ணாடி பாட்டிலில், வெளிநாட்டு லேபிளோடு, ஏ.சி. அலமாரியில் இருந்தால்தான் ஒரிஜினல் என்று நம்புகிறவர்கள்.

முதலில் காவலர்களைக் கவனிப்போம்.

ஐயா, உங்கள் பாட்டி வைத்த காரக்குழம்பில் என்ன போட்டார்? மிளகாய் வற்றல், தக்காளி. இரண்டுமே மெக்ஸிகோ பக்கத்து ஆசாமிகள். 'சில்லி' என்பது அந்த ஊர் ஆதிகுடிகளின் நாவாட்டில் மொழி வார்த்தை. 'டொமாட்டோ'வும் அங்கே 'டொமாட்டில்' என்று இருந்ததுதான். 'அவகாடோ'வுக்கு அங்கே 'அவாகாட்டில்'. மூன்று பேரும் ஒரே ஊர்க்காரர்கள். அதில் இரண்டு பேரை வீட்டுக்குள் விட்டு, சாமி அறை வரை கூட்டிப் போய்விட்டு, மூன்றாவது ஆளை மட்டும் வாசலில் நிறுத்தி, ''நீ அந்நியன்'' என்றால் என்ன நியாயம்?

சங்கப் பாட்டில் மிளகாய் கிடையாது. அங்கே 'கறி' என்றால் மிளகு. சந்தேகம் இருந்தால் பல வீடுகளில் இன்றைக்கும் நடக்கிற திவசச் சமையலைப் பாருங்கள். மிளகாய் இருக்காது, தக்காளி இருக்காது, உருளைக்கிழங்கு இருக்காது. காரத்துக்கு மிளகுதான். நாம் மறந்துவிட்டோம், முன்னோருக்குப் போடுகிற இலை மறக்கவில்லை.

மிளகாயை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள், 16-ம் நூற்றாண்டில். அதே போர்த்துக்கீசியர்கள்தான் முத்துக்காக நம்ம தூத்துக்குடிக் கரையை வளைத்துக்கொண்டார்கள். 1530-களில் முத்துக்குளிக்கும் பரதவர்கள், எதிரிகளிடமிருந்து பாதுகாப்புத் தேடி அவர்களிடம் போனார்கள், மதமும் மாறினார்கள். 1542-ல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்து துரத்துகிற வரை நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கடலோரத்தில் போர்த்துக்கீசியக் கொடி. அவர்கள் கொண்டுபோனது முத்து. நமக்கு விட்டுப்போனது மிளகாய், முந்திரி, பப்பாளி, கொய்யா. தூத்துக்குடிக்காரர்கள் பெருமையாகப் பெட்டி கட்டி அனுப்புகிற மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் முந்திரியின் பிறந்த ஊர் பிரேசில். அதற்காக அது தூத்துக்குடிப் பலகாரம் இல்லை என்று யாராவது கடைத்தெருவில் நின்று சொல்லிப் பாருங்களேன்!

இதில் ஒரு தமாஷ். கொலம்பஸ் 1492-ல் கிளம்பியதே இந்தியாவுக்குக் கடல்வழி தேடித்தான். அவர் கண்ணில் பெரிய சரக்கு நம்ம மிளகு. அது கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது. விடுவாரா? அதற்கே மிளகின் பேரை வைத்துவிட்டார். அந்த மிளகாய் நம்ம ஊருக்கு வந்தபோது நாமும் அதையேதான் செய்தோம். மிளகு மாதிரி காரமாக இருக்கும் காய், மிளகாய். உலகத்தின் இரண்டு மூலையிலும் ஒரே பொய்ச் சான்றிதழ்! இதில் யார் மண்ணின் மைந்தன், யார் வந்தேறி?

போதாததற்கு இன்னொன்று. இன்றைய மெக்ஸிகோ சல்சாவில் வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் இருக்கின்றன. இதெல்லாம் அவர்களுடையது அல்ல. ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தது. அதிலும் எலுமிச்சையின் பூர்வீகம் நம்ம ஆசியா பக்கம். நாம் அவர்கள் மிளகாயை எடுத்துக்கொண்டோம், அவர்கள் நம் எலுமிச்சையை எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தி வீடு மாதிரி. 400 வருஷத்துக்கு மேலாக சம்பந்தம் செய்துகொண்ட பிறகு இப்போது ஜாதகம் கேட்பது நாகரிகமா?

சரி, இரண்டாவது கோஷ்டிக்கு வருவோம். என் கோபம் இவர்கள் மேல்தான் அதிகம்.

பாட்டிலை வாங்கும் முன் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பல பாட்டில்களில் தக்காளி விழுது, தண்ணீர், வினிகர், சர்க்கரை, உப்பு, நம்பர் போட்ட ஏதோ இரண்டு ரசாயனம். பழம் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். வெண்ணெய்ப்பழம் அறுத்த கொஞ்ச நேரத்தில் கறுக்கிற ஜாதி. அதை மாதக்கணக்கில் பச்சையாக வைத்திருக்க வேண்டுமென்றால் என்னென்ன வித்தை செய்ய வேண்டும் என்று யோசியுங்கள்.

அதே அலமாரியில் பக்கத்திலேயே கடல் உப்பு என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்ன பாட்டில் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு. அதற்குப் பக்கத்தில் ரோஜா நிறத்தில் இமயமலை உப்பு. அது வருவது பாகிஸ்தானில் இருக்கும் கேவ்ரா சுரங்கத்திலிருந்து. இந்தக் கூத்து தூத்துக்குடி கடைகளிலேயே நடக்கிறது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பளம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. அந்த ஊரில் நின்றுகொண்டு வெளிநாட்டுக் கடல் உப்பு வாங்குகிறவரை என்ன செய்யலாம்?

அந்த உப்பை வாருகிறவர்கள் யார் தெரியுமா? வெயில் மேலேயும் அடிக்கும், பாத்தியில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். கண் கூசிக்கூசிப் பார்வை போகும். காலில் புண் ஆறாது. பெண்கள்தான் பெரும்பாலும் தலையில் சுமக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் வேலையே கிடையாது. அந்த மாதங்களுக்கு நிவாரணமாக 5,000 ரூபாய் என்று அரசாங்கம் கொடுக்கத் தொடங்கியதே 2022-ல்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து, வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாக மிளகாய் போடுகிறவர் கதையும் இதேதான். மழை பொய்த்தாலும் அடி, கூடினாலும் அடி. தப்பிப் பிழைத்துக் காய்ந்த வற்றலை மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால், விலையைச் சொல்வது அவர் இல்லை.

முத்துக் காலத்திலிருந்து இந்தக் கரையின் கணக்கு இதுதான். மூச்சை அடக்கி முங்கியவன் கழுத்தில் முத்து கிடந்ததில்லை. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பும் நடந்து முடிந்துவிட்டது. முத்து போனது, கணக்கு மட்டும் மாறவில்லை.

''அப்படியானால் அந்நியப் பொருளை பகிஷ்கரி என்கிறாயா?'' என்று கேட்பீர்கள். இல்லை. அதைச் சொல்லத்தான் தூத்துக்குடியின் பெரிய மனிதர் ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். கொழும்புக்குக் கப்பல் விட்டுக் கொழுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துத்தான். அதற்காக அவர் வாங்கிய காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடியில் கட்டியவையா? இல்லை. வெளிநாட்டில் வாங்கியவை! 'ஐயோ, அந்நியக் கப்பல்' என்று அவர் தள்ளி நிற்கவில்லை. கப்பல் எங்கே பிறந்தது என்பதல்ல அவர் கேள்வி. அது யார் கையில் இருக்கிறது, டிக்கெட் காசு யார் பைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. அதனால்தான் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1908-ல் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள். துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பேரை வைத்தாயிற்று. அவர் கேட்ட கேள்வியையும் நாம் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமே.

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் சல்சா விவகாரம் சுலபமாகத் தீர்ந்துவிடும். மெக்ஸிகோ செய்முறை நம் வீட்டுக்கு வரட்டும், தாராளமாக. பாட்டில் வேண்டாம்.

பழத்துக்கு எங்கே போவது? டான்சானியாவுக்கும் பெருவுக்கும் போக வேண்டாம். கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற மரமே இதுதான். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் டி.கே.டி-1 என்று ஒரு ரகமே உண்டாக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் பேர் பட்டர் ஃப்ரூட். இத்தனை வருஷமாக நாம் அதற்குச் செய்தது என்ன? பால், ஐஸ், நாலு கரண்டி சர்க்கரை போட்டு மிக்ஸியில் அடித்து, ஸ்ட்ரா குத்திக் கொடுத்தோம். உப்பும் காரமும் கேட்கிற பழத்தைச் சர்க்கரையில் முக்கியே கொன்றோம்.

பிறந்த ஊரிலேயே இந்தப் பழம் இப்போது நிம்மதியாக இல்லை. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிற பணத்தைப் பார்த்து, மிச்சோவகான் மாநிலத்தில் ஆயுதக் கும்பல்கள் விவசாயிகளிடம் மாமூல் வசூலிக்கின்றன. காடுகளை அழித்துத் தோப்பு போடுகிறார்கள். 2022 பிப்ரவரியில் அமெரிக்க இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு மிரட்டல் வந்து, சில நாள் இறக்குமதியையே நிறுத்தி வைத்தார்கள். மால் அலமாரியில் 'சூப்பர் ஃபுட்' என்று மின்னுகிறதே, அதற்குப் பின்னால் இவ்வளவும் உண்டு.

இப்போது செய்முறை. குறித்துக்கொள்ளுங்கள்.

பழுத்த பட்டர் ஃப்ரூட் இரண்டு. கல்லு மாதிரி இருந்தால் அரிசிப் பானைக்குள் நாலு நாள் புதைத்து வையுங்கள். கூடவே ஒரு வாழைப்பழம் போட்டால் சீக்கிரம் பழுக்கும். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். பச்சை மிளகாய் நாலு. காரம் உங்கள் வீட்டு வீரத்தைப் பொறுத்து. தக்காளி இரண்டு, கொஞ்சம் செங்காயாக. தோலோடு பூண்டு இரண்டு பல். சின்ன வெங்காயம் ஏழெட்டு. கொத்தமல்லி ஒரு கைப்பிடி. எலுமிச்சை ஒன்று. தூத்துக்குடிக் கல்லுப்பு.

காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மிளகாய், பூண்டு, தக்காளி மூன்றையும் போட்டுப் புரட்டுங்கள். தோல் அங்கங்கே கறுக்க வேண்டும். மெக்ஸிகோவிலும் இதற்கு ஒரு தட்டைக் கல்தான். அரைப்பதற்கு அவர்களிடம் மூன்று கால் வைத்த கல்லுரல் இருக்கிறது. நம்மிடம் அம்மி. முதலில் உப்பு, மிளகாய், தோல் உரித்த பூண்டு மூன்றையும் நைத்து, அப்புறம் தக்காளி. நம்ம ஊர்ப் பழத்தில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். அதனால் தக்காளியின் விதையையும் சாற்றையும் நீக்கிவிடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். கடைசியாகப் பழச் சதையைப் போட்டு மசியுங்கள். மாவாக வேண்டாம், திப்பி திப்பியாக இருக்கட்டும். எலுமிச்சை பிழிந்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி தூவினால் முடிந்தது. தாளிக்கிற பழக்கத்தை இன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள். இந்தப் பழம் சூடு பட்டால் கசக்கும். கொட்டையை உள்ளே போட்டு வைத்தால் கறுக்காது என்பது கட்டுக்கதை. கொட்டைக்கு அடியில் இருக்கிற இடம் மட்டும் கறுக்காது. உடனே சாப்பிடுவதுதான் ஒரே வழி.

தொட்டுக்கொள்ள மெக்ஸிகோ சிப்ஸ் தேட வேண்டாம். அவித்த மரவள்ளிக் கிழங்கு, அப்பளம், சோள தோசை, பொரித்த சாளை மீன். தை மாதமாக இருந்தால் பனங்கிழங்கு. எதற்கும் ஒத்துப்போகும்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. 'வீட்டிலேயே செய்யுங்கள்' என்று பத்திரிகையில் எழுதினால், அந்தப் பக்கத்தைக் கிழித்து மனைவி கையில் கொடுப்பது நம் வழக்கம். சுதேசி பேசுவது நாம், அம்மி முன்னால் குனிவது அவர்கள். இதற்குப் பத்து நிமிஷ அடுப்பும் பத்து நிமிஷக் கை வேலையும் போதும். நீங்களே அரையுங்கள். மிளகாய் பட்ட விரலால் கண்ணைத் தொட்டால்தான், உப்பளத்தில் நிற்கிற அம்மாவுக்கு நாள் முழுக்கக் கண் எப்படி எரியும் என்று ஒரு நிமிஷமாவது உறைக்கும்.

அந்த எரிச்சல் எந்த பாட்டிலிலும் கிடைக்காது சார்.