தீர்க்காத மருந்தும் மருந்துதான்

"நோயைத் தீர்க்காத மருந்து என்ன மருந்து?" என்று செஞ்சியில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நெல் மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர், நிறையப் படிக்கிறவர். என் நாவல்களைக்கூடப் படித்திருக்கிறார் என்பதால் அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த மூட்டை தூக்கும் இளைஞன் ஒருவன், ஐந்து வருஷமாக எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டு வந்தவன், எவனோ ஒரு வைத்தியன் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிட்டு, ஒரு மண்டலம் சூரணம் சாப்பிட்டானாம். நிறுத்தி மூன்று மாதம் ஆகிறதாம்.

"ஆள் கல்லு மாதிரி இருக்கான் சார். ஆயுசுக்கும் சாப்பிடுன்னா அது மருந்தா, மாச வாடகையா?" என்றார்.

சாமர்த்தியமான கேள்விதான். சாமர்த்தியமான கேள்விகளால் ஆட்கள் செத்துப்போகிற விஷயம் இது என்பதால், அன்று அவரிடம் சொன்னதை இங்கே இன்னும் கொஞ்சம் உரக்கவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

செஞ்சியில் நின்றுகொண்டு நோயைப் பற்றிப் பேசினால் எவனுக்கும் கோட்டை உவமைதான் வாயில் வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை மதிலால் கட்டி இணைத்து வைத்திருக்கிறார்களே, வேறு என்ன தோன்றும்? உடம்பு கோட்டை, வெள்ளை அணுக்கள் காவல் வீரர்கள், கிருமி பகைவன், மருந்து பீரங்கி. பாடப் புத்தகம் முதல் சுகாதாரத் துண்டுப் பிரசுரம் வரை இதே பாட்டுத்தான். பெரியவரைக் கெடுத்ததும் இந்த உவமைதான். பீரங்கி வெடித்தால் பகைவன் சாக வேண்டும். சாகவில்லையென்றால் பீரங்கி பொய். எவ்வளவு சுலபமான தர்க்கம்! ஆனால் எச்.ஐ.வி. மதிலில் ஏணி சாத்துகிற பகைவன் அல்ல. அது கள்ளப் பத்திரம் எழுதுகிற பகைவன்.

சி.டி.4 என்கிற அடையாளத்தை மேலே தாங்கிய வெள்ளை அணுக்கள் நம் ரத்தத்தில் இருக்கின்றன. கிருமி அந்த அடையாளத்தைப் பிடித்து ஒட்டிக்கொண்டு, தன் உறையை அணுவின் உறையோடு கலந்து உள்ளே போகிறது. அதனிடம் இருப்பது ஆர்.என்.ஏ. என்ற சின்ன ஏடு. ஏறக்குறைய 10,000 எழுத்து. நம்முடைய ஏடு டி.என்.ஏ.; 300 கோடி எழுத்துக்கு மேல். கிருமி தன் ஏட்டை முதலில் நம்முடைய லிபியில் பெயர்த்து எழுதுகிறது. அதற்கென்று ஓர் எழுத்தனைக் கையோடு கூட்டி வருகிறது. பிறகு இன்னோர் ஆள் அந்தப் பிரதியை எடுத்துப்போய், அணுவின் கருவுக்குள் இருக்கிற நம் மூல ஏட்டைக் கத்தரித்து நடுவே ஒட்டிவிடுகிறான். முடிந்தது! கர்ணம் கணக்கில் கள்ளப் பத்திரம் ஏறிவிட்டது. அதன் பிறகு தன் சொத்து எது, திருடன் சொத்து எது என்று அந்த அணுவுக்கே தெரியாது. தன் செலவில் கிருமிக்கு வேண்டிய புரதங்களைச் செய்து தள்ளுகிறது. நீளமாக வரும் அவற்றை அளவாக வெட்டிக் கொடுக்க மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. அவன் வெட்டினால்தான் புதுக் கிருமி முதிரும். அடுத்த அணுவைப் பிடிக்கும்.

மருந்துகள் இந்த ஆட்களின் கையைத்தான் பிடிக்கின்றன. டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற இரண்டும் போலி எழுத்துகள். எழுத்தன் நிஜம் என்று நம்பி எடுத்துக் கோக்கிறான். அடுத்த எழுத்தை மாட்ட அதில் கொக்கி இல்லை. பிரதி பாதியில் அறுந்து நிற்கிறது. டோலுடெக்ராவிர், ஒட்டுகிற ஆளைக் கட்டிப்போடுகிறது. அரசு மையங்களில் பெரும்பாலோருக்கு இன்று கொடுக்கிற ஒற்றை மாத்திரையில் இந்த மூன்றும் அடக்கம். வெட்டுகிறவனைத் தடுக்கிற மருந்துகளும் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டால் வெளியே வருகிற கிருமி, மண்டிக்காரருக்குப் புரிகிறபடி சொன்னால், பதர். உருவம் உண்டு, முளைக்காது.

ஆனால் இவற்றில் ஒன்றுகூட, ஏற்கெனவே ஏறிவிட்ட பத்திரத்தை அழிப்பதில்லை. பத்திரம் ஏறிய அணுக்களில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்துப்போகும். ஒரு சிறு பகுதி சாவதில்லை. அவை பழைய நோய்களை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கென்றே உடம்பு நெடுங்காலம் காப்பாற்றும் அணுக்கள். கள்ளப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவை உறங்கும். 1997-ல் இதை ஆராய்ச்சியாளர்கள் சந்தேகமில்லாமல் காட்டினார்கள். அந்த அணுக்கள் தாமாகக் கரைந்து தீர அறுபது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று பிறகு கணக்கிட்டார்கள். "ஆயுசுக்கும்" என்று டாக்டர் சொல்வதற்கு இதுதான் காரணம், வியாபாரம் அல்ல.

கோட்டை உவமையை விட மனமில்லை என்றால், அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். கிருமி கோட்டைக்குள், மருந்து வெளியே முற்றுகை. (ராஜாராமைக் கிருமி என்று சொல்கிறேன் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம், 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு செஞ்சிக்கு அபிமானிகள் அதிகமாகிவிட்டார்கள்.) 1690-ல் சுல்பிகார் கான் இங்கே வந்து இறங்கினான். 1693-ல் முற்றுகையை எடுத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். விட்ட இடத்தையெல்லாம் மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று. கோட்டை கைக்கு வந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போயாகிவிட்டது.

மாத்திரையை நிறுத்தினால் அநேகமாகச் சில வாரங்களில் கிருமி ரத்தத்தில் தலைதூக்கிவிடும். ஆளைப் பார்த்தால் தெரியாது. உடம்பு இளைக்க வருஷங்கள் ஆகலாம். மூன்று மாதத்தில் கல்லு மாதிரி இருப்பது சூரணத்தின் மகிமை அல்ல. அது ஐந்து வருஷம் விழுங்கிய மாத்திரை சேர்த்து வைத்த சொத்து. வைத்தியன் அதைத் தன் பெயரில் காட்டுகிறான்.

விட்டு விட்டுச் சாப்பிடுவது இன்னும் மோசம். அந்த எழுத்தன் ஏராளமாகப் பிழை விடுகிறவன்; பிழையான பிரதிகளில் ஏதோ ஒன்றை மருந்து தொடாது. புற்றுநோய்க்கென்று 1964-ல் தயாரித்து ஒதுக்கிவைத்த ஏ.இசட்.டி. என்ற மருந்தை 1987-ல் இந்த நோய்க்கு அனுமதித்தார்கள். தனியாக நின்ற அந்த ஒரு மருந்தைக் கிருமி சீக்கிரமே ஏய்த்துவிட்டது. மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தபோது, 1996-ல்தான், சாவு வீட்டுக் கதை மாறியது. மூன்று பூட்டையும் ஒரே சமயத்தில் திறக்கிற பிழை விழுவது மிக அரிது.

வாடகை என்றாரே, அதற்கும் கணக்குப் பார்க்கலாம். ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 2001-ல் சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. 2004 ஏப்ரல் 1 முதல் நம் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. ஆரம்பித்த சில மையங்களில் நம் தாம்பரமும் ஒன்று. மாத்திரைக்கு அந்த இளைஞன் ஒரு பைசா கொடுத்ததில்லை. சூரணத்துக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை.

அவன் ஏன் வைத்தியனிடம் போனான்? நோய் தாங்காமல் அல்ல. மாதா மாதம் அந்த மைய வாசலில் தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூசி. அந்தக் கூச்சத்தைத் தயாரித்தவர்களில் கதை எழுதுகிறவர்களும் உண்டு. வில்லனைத் தண்டிக்க விபத்துப் போதாது என்று இந்த நோயைக் கொடுத்தார்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இதைக் கண்டுபிடித்தது பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தில். அன்றே நோய்க்கு ஒழுக்கச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. கிருமி நடத்தையைப் பார்ப்பதில்லை, சி.டி.4 இருக்கிறதா என்று பார்க்கிறது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தில் கிருமி இருந்தது. அவள் என்ன ஒழுக்கம் தவறினாள்? ரத்தம் கொடுத்த இளைஞன் சேதி தெரிந்ததும் தன்னையே மாய்த்துக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு உடனே இதே வகை மருந்தைக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. நோயைத் தீர்க்காத மருந்து செய்த காரியம் அது.

நம் மண்டி இளைஞனுக்கும் மனைவி இருக்கிறாள். அவளுக்குத் தொற்று இல்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்கு அடங்கியவனிடமிருந்து உடலுறவின் மூலம் அது பரவுவதில்லை என்பது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜோடிகளை வருஷக் கணக்கில் கவனித்து முடிவான விஷயம். ஐந்து வருஷமாக அவளைக் காத்தது அந்த வாடகைதான். இந்த மூன்று மாதமாக அவளை யார் காக்கிறார்கள்?

பெரியவரிடம் ஒன்றுதான் கேட்டேன். ரத்தத்தில் கிருமி எத்தனை என்று எண்ணிச் சொல்லும் பரிசோதனையை அரசு இலவசமாகச் செய்கிறது. மாத்திரை சாப்பிட்ட காலத்துச் சீட்டு பையனிடம் இருக்கும். சூரணம் சாப்பிட்ட பிறகு எடுத்த சீட்டு ஒன்றை அந்த வைத்தியன் காட்டட்டும். எழுதி ஐந்து வாரமாகிறது, சீட்டு வரவில்லை. பையன் மட்டும் போன திங்கட்கிழமை மையத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறான், பெரியவர் துணைக்குப் போயிருக்கிறார்.