பேய்களுக்கும் ஒரு முகவரி இருந்தது

பேய் உண்டா, இல்லையா என்ற வாதம் எனக்கு என்றைக்குமே சுவாரசியமாக இருந்ததில்லை. என்னைக் கவர்ந்தது வேறு கேள்வி. இந்தப் பேய் எந்த ஊரில், எந்த மரத்தில் இருக்கிறது? யாரிடம் வரும்? என்ன கொடுத்தால் போகும்? செய்திக்காக ஊரூராக அலைந்த காலங்களில், போன வேலை முடிந்தபின் முதியவர்களிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். "படித்த மனுசன் கேட்கிற கேள்வியே இது?" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துப் பேய்கள் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை. முனி உலாவுவது உச்சிப்பொழுதிலும் நடுச்சாமத்திலும். இன்ன ஒழுங்கையில், இன்ன வளவில், இன்ன புளியமரம் என்று அதற்குத் திட்டவட்டமான இருப்பிடம் உண்டு. அந்த மரத்தடியை அசுத்தப்படுத்தக்கூடாது. உச்சிவெயிலில் சிறுவர்கள் அவ்வழியே தனியாகப் போகக்கூடாது. மீறியவருக்குக் காய்ச்சல் கண்டால் கழிப்புக் கழிப்பார்கள், நூல் கட்டுவார்கள், மடை வைப்பார்கள். பயம் இருந்தது, பயத்துக்கு ஓர் எல்லையும் ஒரு பரிகாரமும் கூடவே இருந்தன.

கொத்தியின் கதை இன்னும் கூர்மையானது. பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றிவந்து தாயையும் சேயையும் கொண்டுபோகக் காத்திருப்பவள் கொத்தி. அவளைக் கலைத்து அனுப்புவதும் மருத்துவிச்சியின் கடமைகளில் ஒன்றாக இருந்தது. இதைக் கேட்டு இன்று நாம் நகைக்கலாம். ஆனால் 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அந்தத் தொகை 50க்கும் கீழே. கொத்தியை ஊரைவிட்டு விரட்டியது பகுத்தறிவுப் பிரசாரம் அன்று. பயிற்சி பெற்ற குடும்பநல மருத்துவமாதுவும் ஆஸ்பத்திரியுமே அவளை விரட்டின. இல்லாத ஒன்றுக்காக நம் பாட்டிமார் அஞ்சவில்லை. கண்முன்னே நிகழ்ந்த மரணத்துக்கு அவர்கள் இட்ட பெயர்தான் கொத்தி.

இதை எழுதுவதால் மந்திரவாதிகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணவேண்டாம். மனநோயாளியைப் பேய்பிடித்தவர் என்று சொல்லிக் கட்டிவைப்பது கொடுமை. அவருக்கு வேண்டியவர் வைத்தியர். நான் கேட்பது நம்பிக்கையை அன்று, பதிவை.

கீரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் அங்கே தீர்த்தமாடி மனிதமுகம் பெற்றார் என்பது ஐதீகம். குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையும் அதே தீர்த்தத்தைச் சேர்ந்ததே. மாவிட்டபுரம் என்ற ஊர்ப்பெயருக்கே அந்தக் குதிரைமுகம் நீங்கியதுதான் காரணம் என்பார்கள். இக்கதைகளைக் கோயில்களும் தலவரலாறுகளும் காப்பாற்றிவிட்டன. அதே வலிகாமம் வடக்கில் புளியமரத்து முனிக்கும் வேம்படி வைரவருக்கும் தலபுராணம் எழுதியவர் யார்?

1990 ஜூனில் அந்தப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் அது உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில், 27 ஆண்டுகள் கழித்து. அந்தப் பகுதிகளுக்குத் திரும்பியவர்கள் பலருக்குத் தங்கள் வளவின் எல்லையே தெரியவில்லை. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, அடையாளமாக நின்ற மரங்கள் இல்லை. மரம் போனபின் முனிக்கு ஏது முகவரி? கதையைச் சொல்லக்கூடிய கிழவியோ முகாமிலோ கனடாவிலோ காலமாகிவிட்டிருப்பாள். யுத்தத்தில் இழந்தவற்றை வீடு, கிணறு, பனை என்று எண்ணுகிறோம். இந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

இதுவெல்லாம் பழங்கதை, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2011 ஓகஸ்டை நினைவூட்டுகிறேன். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடிபடாமல் வழுக்கி ஓடும் திருடனைப் பற்றிய பழைய கதையொன்று தெற்கில் உண்டு. அந்தக் 'கிறீஸ் பூதம்' பெண்களைத் தாக்குகிறது என்ற பீதி அந்த மாதத்தில் மலையகம், கிழக்கு, புத்தளம் என்று பரவியது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். 22ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மக்கள் மர்ம மனிதர்களைத் துரத்தினார்கள். அவர்கள் படைமுகாமுக்குள் ஓடி மறைந்ததாகச் சொன்னார்கள். அதன்பின் படையினர் வீடு வீடாகப் புகுந்து தாக்கியதாக மக்கள் முறையிட்டார்கள். 100க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். விவகாரம் அடிப்படை உரிமை மனுக்களாக உயர்நீதிமன்றம் வரை போயிற்று.

அதிகாரிகள் அதை வெறும் வதந்தி என்றார்கள். பத்திரிகைகளில் ஒரு பகுதி மூடநம்பிக்கை என்றது. யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்த ஊரில், ஆண்கள் பலர் இல்லாத வீடுகளில், இரவில் படலை அசைந்தால் ஒரு பெண் என்ன நினைப்பாள் என்று எத்தனை பேர் கேட்டோம்? கிறீஸ் பூதத்துக்கு மரமும் இல்லை, வேளையும் இல்லை, மடையும் இல்லை. எங்கும் எப்போதும் வரக்கூடிய பேய் அது. பழைய முனியைவிட அது பயங்கரமாக இருந்ததற்கு அதுவே காரணம். அந்தப் பேயையும் பதிவு செய்யவேண்டும், கொத்தியைப் பதிவு செய்வதுபோலவே. அது யாருடைய பயம், எதனால் வந்த பயம் என்பதை நாளைய வரலாற்றாசிரியன் அறியவேண்டும்.

வட இலங்கை நாட்டார் பாடல்களை மக்கள் கவிமணி மு. இராமலிங்கம் ஊரூராகத் திரட்டித் தந்தார். அதுபோன்ற உழைப்பு இந்தப் பேய்க்கதைகளுக்கும் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யாத இளைஞரும் இன்று இல்லை. கதையை மட்டும் எழுதினால் போதாது. ஊர், குறிச்சி, மரம், கிணறு, கதை சொன்னவரின் வயது, எந்த ஆண்டில் இடம்பெயர்ந்தார் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் எவராவது இருப்பாராயின், இந்த வார இறுதியில் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எங்கள் ஊரில் முனி எங்கே இருந்தது என்று கேட்டாலே போதும், மிச்சத்தை அவரே சொல்லுவார்.