நிலவேம்புக் குடிநீர் குடித்தால் டெங்கு வராதா?

மழை தொடங்கினால் கோவில்பட்டி பக்கமும் 'ரெண்டு மடக்கு நிலவேம்பு குடிச்சா டெங்கு கிட்ட வராது' என்ற பேச்சு கிளம்பிவிடும். உண்மை என்ன?

நிலவேம்பு, சுக்கு, மிளகு உள்ளிட்ட 9 சரக்குகள் சேர்ந்த இந்தச் சித்த மருந்து, காய்ச்சலுக்குத் தரப்படுவது. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே பரிந்துரைத்தது. ஆனால், தொற்றையே தடுக்கும் என்பது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது நல்ல தண்ணீரில். தினமும் குழாயில் தண்ணீர் வராத கரிசல் ஊர்களில் டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது. முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். டிரம் காய்ந்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் தாங்கும்.

வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவி இறுக மூடுங்கள். காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.