சிகரெட் பிடிக்காதவனுக்கு எப்படி வந்தது?

"டீச்சர், அவன் சிகரெட் பிடிக்க மாட்டானே, அப்புறம் எப்படிப் புற்றுநோய் வந்துச்சு?"

கிள்ளானில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, முகக்கவசமும் தொப்பியுமாகத் திரும்பி வந்திருந்த மாணவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, தன் நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நலமாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு இங்கே புற்றுநோய் எப்படி அறிமுகமாகிறது? 2009 முதல் சிகரெட் பெட்டிகளில் அச்சாகும் கோரமான படங்கள். 2010 முதல் பள்ளியிலேயே போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசி, உங்களில் பல மாணவிகள் முதலாம் படிவத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். மிச்சத்துக்குச் சினிமா: இருமினால் இரத்தம், இடைவேளைக்குப் பிறகு மரணம். முதல் இரண்டும் உயிர் காப்பவை, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: ஏதோ தப்பு செய்தால் வரும், இல்லாவிட்டால் யாரிடமிருந்தாவது ஒட்டிக்கொள்ளும்.

தப்புக்குத் தண்டனை தானாகவே வந்து சேரும் என்று சிறு பிள்ளைகள் நம்புவதைப் பியாஜே 1932-லேயே எழுதிவிட்டார். நம் வீடுகளில் பெரியவர்களே 'என்ன பாவம் செய்தேனோ' என்று புலம்பும்போது, பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்?

குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோய்தான். எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாகும்போது மரபணுவில் நேரும் பிழை அதைத் தொடங்கி வைக்கிறது. பெரும்பாலும் அந்தப் பிள்ளையோ பெற்றோரோ செய்த எதுவும் காரணமல்ல. எச்.பி.வி. கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும்; அதனால் உண்டாகும் கருப்பைவாய்ப் புற்றுநோய் அப்படிப் பரவாது. முடி கொட்டுவதும் மருந்தின் வேலை: வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடித் தாக்கும் மருந்து முடிவேரையும் விட்டுவைப்பதில்லை. சினிமா சொல்லாத இன்னொன்று: வசதி மிகுந்த நாடுகளில் நூற்றுக்கு 80 பிள்ளைகளுக்கு மேல் குணமடைகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

2011 முதல் நம் கல்வி அமைச்சு மருத்துவமனைகளுக்குள் பள்ளி நடத்துகிறது. நோயுற்ற பிள்ளைக்குப் பாடம் விட்டுப்போகாது. அவன் திரும்பி வரும் வகுப்பறை? என் வகுப்பை நான் தயார்செய்திருக்கவில்லை.

அன்று முகக்கவசத்திலிருந்து தொடங்கினேன். அது நம்மைக் காக்க அல்ல. மருந்தால் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் அவனை நம் சளி, இருமலிலிருந்து காக்க என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது. சளி பிடித்திருந்த ஒரு நாள் மட்டும், யாரும் சொல்லாமலே, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.