வித்துதான் உயர்ந்ததா?

மனுதர்ம சாஸ்திரத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தில், பெண் என்பவள் நிலம், ஆண் என்பவன் வித்து, இரண்டில் வித்தே மேலானது என்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தைக் கண்ணாலும் கண்டறியாத நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவர் வீட்டிலும் அதுவே நடக்கிறது. பிள்ளை இல்லையென்றால் "மலடி" என்ற பட்டம் பெண்ணுக்கு; பெண்ணாகவே பிறந்தாலும் பழி பெண்ணுக்கு; புருஷனுக்கோ இரண்டாந்தாரக் கல்யாணம்! இது நியாயமா என்று கேட்கின்றோம்.

சாஸ்திரம் கிடக்கட்டும். உங்கள் கொல்லையில் ஈரமண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில், மண்புழு போலக் கருத்த புழுப்பாம்பு நெளியும். காதுக்குள் புகுந்துவிடும் என்று பயந்து அதை அடித்துக் கொல்லுவார்கள். அதற்கு விஷமே கிடையாது. 1803-ல் தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குச் சூட்டிய பெயர் "பிராமினஸ்" என்பதாம். பெயர் வைத்தது நாமல்ல! வேடிக்கை என்னவென்றால் அந்த இனத்தில் ஆணே கிடையாது. அத்தனையும் பெண். ஆண் சேர்க்கையின்றி முட்டையிட்டு, தன்னைப் போலவே பெண் குஞ்சுகளைப் பெறுகிறது. பூந்தொட்டி மண்ணோடு ஒன்று கப்பலேறினாலும் போதும், போன தேசத்தில் குடும்பம் பெருகிவிடும். வித்தில்லாமலே நிலம் விளைகிறதே, மனு என்ன சொல்லுவார்?

கல்வராயன் மலையில் தேனெடுப்பவர்கள் அறிந்த தேனீயைப் பாருங்கள். ஆண் சேர்ந்த முட்டையிலிருந்து பெண் ஈக்கள் பிறக்கின்றன. சேராத முட்டையிலிருந்து ஆண் ஈ பிறக்கிறது. ஆண் தேனீக்குப் பாட்டன் உண்டு, தகப்பன் இல்லை! இதை 1845-ல் வெளியிட்ட சியர்சன் என்பவர் ஒரு பாதிரியார்.

"அப்படியானால் புராணத்தில் தகப்பனின்றிப் பிறந்த கதைகளும் நிஜந்தானே?" என்று புராணிகர்கள் புறப்படுவார்கள். அதுவும் நடவாது. பாலூட்டும் பிராணிகளில் இயற்கையாக அப்படிப் பிறப்பதில்லை. கரு வளர தாய் தந்தை இருவர் கூறும் வேண்டும். மனிதக் குழந்தைக்குத் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 குரோமோசோம்கள் வருகின்றன. பாலூட்டிகளின் பெண்ணிடம் முட்டை உண்டென்பதை 1827-லேயே பேயர் கண்டு சொல்லிவிட்டார். ஆகவே பெண் வெறும் நிலமல்ல, அவளும் வித்துடையவள்.

ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் தகப்பனிடமிருந்து வரும் குரோமோசோமே. வண்டுகளை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டியவர் 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது.

ஆகையால் தோழர்களே! பெண்ணை மரத்தைச் சுற்ற அனுப்புமுன், புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அதற்கு வெட்கப்படுகிறவன், பெண்டாட்டியை மலடி என்று சொல்ல வெட்கப்படாதது ஏன்?